மலைவீட்டு அடுப்படி: பன்றிக்கறியும் காயும் ஒரே தட்டில்

போன மாதம் இந்தப் பகுதியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தேன். எங்கள் வீட்டில் தங்க வருகிறவர்களுக்கு ஞாயிறு ராத்திரி பன்றிக்கறி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து ஓவனில் வாட்டித் தருவேன், சாப்பிட்டு முடித்தால் கழுவ ஒரு தட்டுதான் இருக்கும் என்று. அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே பதில்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் மூன்று அறை வைத்து, தங்க வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் 27 வருஷம் ஒரு விடுதிப் பள்ளியின் சமையற்கட்டில் இருந்தேன். என் அப்பா எஸ்டேட் பங்களாவில் சமையல்காரர்.

ஆசையாக 25 லிட்டர் ஓ.டி.ஜி (சின்ன மின்சார ஓவன்) வாங்கினேன். கொழுப்பே இல்லாத தொடைக்கறி ஒரு கிலோ வாங்கித் துண்டு போட்டு, உருளை, கேரட், பீன்ஸ் எல்லாவற்றோடும் மசாலா பிரட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி 180 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். கறி ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. உருளை நடுவில் வேகவில்லை. பீன்ஸ் மேலே கருகி, கீழே கூழாகிவிட்டது. எங்கே தப்பு செய்தேன்?
*வாசகர், சூரமங்கலம்*

தம்பி, முதல் தப்பு கடையிலேயே நடந்துவிட்டது. கொழுப்பில்லாத கறி நல்ல கறி என்று நமக்கு ஒரு நினைப்பு. குழம்புக்கு வேண்டுமானால் அது சரி. ஓவனின் வறண்ட சூட்டில், தன்னிடம் கொழுப்பு இல்லாத கறி காய்ந்துதான் போகும். முன்னங்கால் தோள்பட்டைப் பகுதியைக் கேளுங்கள். அதில் கொழுப்பு வரிவரியாக ஓடியிருக்கும், சவ்வும் இருக்கும். அந்தச் சவ்வு 70 டிகிரிக்கு மேல் மெதுவாக இளகிப் பசையாகிக் கறியை மிருதுவாக்கும். அதற்கு நேரம் வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது நடக்காது.

கடைக்காரர் கத்தியை ஓங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்: "அண்ணா, துண்டு போடாதீங்க. ஒரே கட்டியா ஒரு கிலோ, தோலோட குடுங்க." நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே அரை நிமிஷத்தில் குழம்புக்கு வெட்டிப் போட்டுவிடுவார்கள். அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுக்கு வந்ததும் தோலில் விரற்கடை இடைவெளி விட்டுக் கத்தியால் கீறுங்கள். கொழுப்பு வரைக்கும் கத்தி இறங்கினால் போதும், கறியைத் தொட வேண்டாம். பொடித்த கல்லுப்பு இரண்டு டீஸ்பூன் எடுத்து எல்லாப் பக்கமும் தேயுங்கள். மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி இருக்கட்டும். உப்பு உள்ளே இறங்கும், தோல் காயும். தோல் காய்ந்திருந்தால்தான் அப்பளம் மாதிரி பொரியும். கீழே வேறு சமைத்த சாப்பாடு இருந்தால் அதன் மேல் தட்டில் பச்சைக் கறியை வைக்காதீர்கள், கடைசித் தட்டில் வையுங்கள்.

மசாலா அதிகம் வேண்டாம். எங்கள் வீட்டைச் சுற்றி சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. தை, மாசியில் பறித்துக் காயவைத்த மிளகு வருஷம் முழுக்க வரும். அதில் ஒன்றரை ஸ்பூன் கொரகொரப்பாக இடித்து, பத்துப் பல் பூண்டு, கொஞ்சம் இஞ்சி, அரை ஸ்பூன் மஞ்சள் சேர்த்து அரைத்துக் கறிப்பக்கத்தில் மட்டும் பூசுவேன். தோலில் மசாலா பட்டால் கருகிவிடும்.

அடுத்த தப்பு தண்ணீர். ஓவனில் தண்ணீர் ஊற்றினால் நடப்பது வேகவைப்பது. தட்டில் வடிகிற பன்றிக் கொழுப்புதான் காய்களுக்கு எண்ணெய், அதில் புரண்டுதான் உருளைக்குப் பொன்னிறம் வர வேண்டும். அந்த இடத்தில் தண்ணீர் நின்றால் கறியின் ருசியும் போகும், காயின் ருசியும் போகும். ஒரு சொட்டு வேண்டாம்.

மூன்றாவது, எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றியது. தட்டு ஒன்று என்பதால் நேரமும் ஒன்றாகிவிடாது. நான் செய்வதைக் கடிகாரத்தோடு சொல்கிறேன். எட்டே காலுக்குச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தரைக்கு ஓவனை 220 டிகிரியில் போட்டுக் காயவிடுவேன். கறியை அதற்குக் கொஞ்சம் முன்னால் வெளியே எடுத்துத் துடைத்து வைத்திருப்பேன். நான்கு பெரிய வெங்காயத்தைக் குறுக்கே இரண்டாக வெட்டித் தட்டின் நடுவில் பரப்பி, அதன் மேல் தோல் மேலே பார்க்கும்படி கறியை உட்கார வைப்பேன். வெங்காயம் கறியைத் தட்டில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கும், வடிகிற சாறையும் குடித்துக்கொள்ளும். ஐந்தே முக்காலுக்குத் தட்டு உள்ளே போகும். 25 நிமிஷம் கழித்து, தோல் கொப்புளிக்க ஆரம்பித்ததும் 160க்குக் குறைப்பேன்.

அதற்குள் அரைக் கிலோ உருளையைத் தோல் சீவி இரண்டிரண்டாக வெட்டி, உப்புத் தண்ணீரில் ஏழெட்டு நிமிஷம் கொதிக்கவைத்து வடித்துவிடுவேன். வடித்த பாத்திரத்தை மூடி இரண்டு குலுக்கு குலுக்க வேண்டும். கிழங்கின் மேல்பக்கம் மாவாக உதிரும், அந்த மாவுதான் கொழுப்பில் பட்டு மொறுமொறுப்பாகிறது. ஆறே முக்காலுக்குத் தட்டில் கொழுப்பு நன்றாகத் தேங்கியிருக்கும். உருளையை அதில் போட்டுப் புரட்டி ஓரமாக வைக்கிறேன். ஏழு மணிக்கு விரல் தடிமன் கேரட், குறுக்கே பாதியாக வெட்டிய ஒரு முழுப் பூண்டு. ஏழரைக்குத்தான் பீன்ஸ் அல்லது கோஸ்.

ஏழே முக்காலுக்குக் கறியை வெளியே எடுத்துப் பலகையில் வைத்துவிடுகிறேன். இது முக்கியம் தம்பி. சுடச்சுட வெட்டினால் சாறு முழுக்கப் பலகையில் ஓடிவிடும். இருபது நிமிஷம் ஆறட்டும். அந்த இருபது நிமிஷமும் ஓவனை மறுபடி 220க்கு ஏற்றிக் காய்களை மட்டும் உள்ளே விடுங்கள். உருளை நிறம் மாறுவது அப்போதுதான்.

கடைசியாகத் தட்டில் மிஞ்சிய கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வடித்துவிட்டு, தட்டையே சிறு தீயில் வைத்து அரை டம்ளர் வெந்நீர் ஊற்றி, ஒட்டியிருப்பதை மரக்கரண்டியால் சுரண்டுங்கள். கமலா ஆரஞ்சு கிடைக்கிற மாதமானால் அரைப் பழம் பிழிவேன். இல்லையென்றால் எலுமிச்சை நாலு சொட்டு. அதுதான் குழம்பு.

தட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லிய அலுமினியத் தட்டு 220 டிகிரியில் நெளியும், புளிப்புப் பட்டால் கறுக்கவும் செய்யும். உருக்காலை இருக்கிற ஊரில் இருக்கிறீர்கள், கனமான ஸ்டெயின்லெஸ் தட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். விளிம்பு இரண்டு அங்குலம் போதும். அதற்கு மேல் உயரமானால் ஆவி உள்ளேயே நின்று காய் வதங்கிவிடும். சின்ன ஓவனில் மேல்கம்பி கிட்டத்தில் இருப்பதால் கீழ்த்தட்டில்தான் வைக்க வேண்டும். தோல் சீக்கிரம் கறுத்தால் மேலே ஒரு ஃபாயில் தாளைப் போடுங்கள்.

மலைக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகிறது. இங்கே பருப்பே வேக நேரமாகிறது. ஓவனுக்கும் கூடுதல் நேரம் வைக்க வேண்டுமா?
*ஆசிரியை, ஏற்காடு*

நாம் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. அதனால்தான் குக்கர் இல்லாமல் பருப்பு வேக அடம்பிடிக்கிறது. ஓவனில் 160 என்றால் சேலத்திலும் 160தான், இங்கேயும் 160தான். உருளையை முதலில் வேகவைக்கிறோமே, அதற்கு மட்டும் இரண்டு மூன்று நிமிஷம் கூட்டிக்கொள்ளுங்கள் டீச்சர். மார்கழிக் குளிரில் கறி ஆறும்போது மேலே லேசாக ஒரு ஃபாயில், தோல் நமுத்துப்போகாமல் ஓரத்தைத் திறந்துவிட்டு.

எங்கள் தோட்டத்தில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) நிறைய இருக்கிறது. உருளைக்குப் பதில் அதைப் போடலாமா? வேறு எந்தக் காய் இதற்குப் பொருந்தும்?
*விவசாயி, ஆத்தூர்*

தாராளமாகப் போடலாம் அண்ணா, ஆனால் பச்சையாக நேரே தட்டில் போடக் கூடாது. குச்சிக்கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இயற்கையாகவே இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற ரகங்கள் சிலவற்றில் அது கூடுதல், கடித்தால் கசக்கும். அந்தக் கிழங்கு சமையலுக்கே வேண்டாம். வீட்டுக்குச் சாப்பிடுகிற ரகத்தைத் தோல் உரித்து, நடு நாரை எடுத்து, சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் மூடாமல் நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஓவனின் சூட்டை நம்பி அரைவேக்காட்டில் எடுக்க வேண்டாம். முழுசாக வெந்த பிறகு கொழுப்பில் புரட்டிக் கடைசி 40 நிமிஷம் வைத்தால் வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. உருளையைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

சர்க்கரைவள்ளி சீக்கிரம் கருகும், கேரட் போன பிறகு போடுங்கள். பரங்கிக்காய் தோலோடு பெரிய துண்டாக. சின்ன வெங்காயம் முழுசாக, உரித்து, எவ்வளவு போட்டாலும் போதாது. பீட்ரூட் நல்ல ருசிதான், எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும், ஒரு மூலையில் தனியாக ஃபாயிலில் கட்டி வைப்பேன். சௌசௌ எங்கள் வேலியில் காய்த்துத் தொங்குகிறது, ஆனால் இதில் போடுவதில்லை. அது தண்ணீர்க்காய். சுரை, புடலையும் அப்படித்தான்.

பன்றிக்கறி சாப்பிட்டால் மூளையில் புழு வரும், வலிப்பு வரும் என்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. உண்மை என்ன?
*இரண்டு பிள்ளைகளின் அம்மா, அம்மாப்பேட்டை*

பயப்பட வேண்டிய விஷயம்தான் தங்கச்சி. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாடாப்புழுவின் கூடு பன்றியின் சதைக்குள் இருக்கலாம். அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போகிற நோய் வருவது அந்தப் புழுவின் முட்டையால். குடலில் புழு இருக்கிற மனிதரின் மலத்தில் முட்டை வெளியேறும். கழிப்பறை போய்விட்டுக் கை கழுவாமல் சமைத்தால், அசுத்தமான தண்ணீர் பாய்ந்த காயைக் கழுவாமல் பச்சையாகத் தின்றால், அந்த முட்டை வாய்க்குள் போகும். மூளையில் கூடு கட்டுவது அப்படித்தான். அதனால் பன்றிக்கறியைத் தொடாதவருக்கும் இது வரலாம். 27 வருஷம் பிள்ளைகளுக்குச் சமைத்த சமையற்கட்டில் நாங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதை ஒரு வேலையாகவே வைத்திருந்தோம். இன்றைக்கும் கொத்தமல்லி, கேரட், வெள்ளரி எதுவானாலும் மூன்று தண்ணீரில் அலசாமல் என் வீட்டில் தட்டுக்கு வராது.

கறியில் பார்க்க வேண்டியது: சதைக்குள் ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி வெள்ளையாக, உருண்டையாக ஏதாவது தெரிந்தால் வாங்காதீர்கள். சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசியை அடையாளம் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதாலேயே கறி சுத்தம் என்று ஆகிவிடாது, வேகவைப்பதுதான் காப்பு. கொட்டகையில் அடைத்துத் தீவனம் போட்டு வளர்த்த வெண்பன்றிக் கறியை, ஆளையும் இடத்தையும் தெரிந்த கடையில் வாங்குங்கள். தெருவில் மேய்கிற பன்றிக்கறி வேண்டவே வேண்டாம்.

வேக்காட்டுக்குக் கண்ணை நம்பாதீர்கள். கறிக்குள் குத்திப் பார்க்கிற சூடுமானி ஒன்று வாங்குங்கள், இந்தப் பக்கத்தில் நான் சொல்கிற ஒரே ஆடம்பரச் செலவு அதுதான். அமெரிக்க வேளாண் துறை 2011ல் முழுக்கட்டிக் கறிக்கு 63 டிகிரியும் மூன்று நிமிஷ ஆறலும் போதும் என்று குறைத்தது, அதற்கு முன் 71 சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே வளர்ப்பும் சோதனையும் வேறு. நான் 71க்குக் கீழே எந்தப் பன்றிக்கறியையும் இறக்குவதில்லை. தோள்பட்டைக் கறி மிருதுவாக எப்படியும் 85 தாண்ட வேண்டும், அதனால் மேலே சொன்ன முறையில் செய்தால் இந்தக் கவலைக்கே இடமில்லை. எலும்பை ஒட்டாமல் நடுச்சதையில் குத்திப் பாருங்கள். பச்சைக் கறி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவிய பிறகே காயைத் தொடுங்கள். இவ்வளவும் செய்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

ஓவன் இல்லை, வாங்கவும் வசதியில்லை. அடுப்பில் செய்ய வழி உண்டா அக்கா?
*வாசகி, ஓமலூர்*

உண்டு. ஓவனுக்கு முன்னாலேயே இந்தச் சாப்பாடு இந்த மலையில் இருந்தது.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். பின்னால் எஸ்டேட்டுகள் வந்தன, துரைமார் பங்களாக்கள் வந்தன, அவர்கள் ஊர்ச் சாப்பாட்டை விறகடுப்பில் சமைத்துத் தரும் வேலை நம் ஆட்களுக்கு வந்தது. என் அப்பா வேலைக்குச் சேர்ந்தபோது துரைமார் காலம் முடிந்துவிட்டது, ஆனால் சமையற்கட்டு மாறவில்லை. கனமான இரும்புச் சட்டி, குழிவான இரும்பு மூடி. சட்டியை முக்காலி அடுப்பில் வைத்து, மூடி மேல் காபிக்கட்டைத் தணலை அள்ளிப் போடுவார். கீழே கொஞ்சம், மேலே நிறைய. கையை மூடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நீட்டி மனசுக்குள் எண்ணுவார். எட்டு எண்ணுவதற்குள் கை தாங்கவில்லை என்றால் தணலைக் குறைப்பார். காயை எப்போது போடுவது என்பதைச் சட்டியின் சத்தத்தை வைத்துச் சொல்வார். கொழுப்பு வடிய ஆரம்பித்ததும் படபட என்ற சத்தம் ஒரே சீரான சலசலப்பாக மாறும். "இப்பப் போடு கண்ணு" என்பார். உருளையைப் போடுவது என் வேலை.

எனக்கு அது கைகொடுத்த நாள் ஒன்று உண்டு. தங்கும் வீடு ஆரம்பித்த முதல் வருஷம், ஐப்பசி மழை. ஏழு பேருக்குச் சாப்பாடு. கறி ஓவனுக்குப் போய் 40 நிமிஷம் ஆகியிருக்கும், எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. இனி விடிந்தால்தான் என்று தெரிந்துவிட்டது. வெளியே தோல் சிவந்திருக்கிறது, உள்ளே பச்சை. பரணில் இருந்த அப்பாவின் சட்டியை இறக்கிக் கழுவி, கொட்டகை அடுப்பை மூட்டி, தட்டில் இருந்ததை அப்படியே மாற்றினேன். மேலே தணல் போட்டுவிட்டுக் கையை நீட்டி எண்ணினேன். ஒன்பதே காலுக்குச் சாப்பாடு போட்டேன். அன்றைக்கு உருளை வந்த பக்குவம் ஓவனில் எனக்கு இன்னும் வரவில்லை.

கேஸ் அடுப்பில் இப்படிச் செய்யுங்கள். அடிகனமான இரும்பு அல்லது வார்ப்புச் சட்டியில் கறியைக் கொழுப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, மிதமான தீயில் எல்லாப் பக்கமும் சிவக்க விடுங்கள். எண்ணெய் ஒரு ஸ்பூன் போதும். அப்புறம் சட்டியின் கீழே ஒரு பழைய தோசைக்கல்லைக் கொடுத்து, தீயை முழுக்கக் குறைத்து, இறுக்கமாக மூடி ஒன்றரை மணி நேரம். நடுவில் மூன்று நான்கு தடவை திருப்பிப் போடுங்கள். தன் சாறே போதும், அடி பிடிக்கிற மாதிரி இருந்தால் மட்டும் இரண்டு ஸ்பூன் வெந்நீர். கடைசி முக்கால் மணியில் காய்கள், மேலே சொன்ன வரிசைப்படி. முடிவில் கறியை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்துத் தீயைக் கூட்டிக் காயைச் சிவக்க விடுங்கள். தோல் பொரியாது, மென்மையாகத்தான் இருக்கும். ருசியில் குறை இருக்காது.

நான் ஏற்காட்டில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா செய்த பன்றிக்கறி ரோஸ்ட்டின் வாசனை இன்னும் நினைவில் இருக்கிறது. கட்டிக்கொடுத்த வீட்டில் ஆடு, கோழி உண்டு, இது மட்டும் ஆகாது. மாமியார் ஊருக்குப் போகும் நாளில் அவருக்குத் தெரியாமல் செய்துவிடலாமா என்று இருக்கிறது.
*வாசகி, அஸ்தம்பட்டி*

வேண்டாம் கண்ணு. உன் ஆசை தப்பில்லை. பிறந்த வீட்டுச் சாப்பாட்டுக்கு மனசு ஏங்குவது எனக்கும் தெரியும். ஆனால் ஒருவர் ஆகாது என்று வைத்திருக்கும் அடுப்பில், அவர் பாத்திரத்தில், அவருக்குத் தெரியாமல் செய்வது சரியில்லை. கேட்டுப் பார். "அத்தை, எங்கம்மா செய்வாங்க, எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு, தனிப் பாத்திரத்துல பின்பக்கம் வச்சுச் செஞ்சுக்கட்டுமா" என்று நேராகக் கேள். ஒப்புக்கொண்டால் சந்தோஷம். ஆகாது என்றால், உன் அம்மா வீடு இருபது கொண்டை ஊசி வளைவு தள்ளித்தான் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏறி வந்துவிடு. அம்மா இருக்கும்போதே அந்தக் கைப்பக்குவத்தை எழுதியும் வைத்துக்கொள்.

இதே தட்டில் கோழி செய்து மாமியாருக்கும் போடலாம். தோலோடு கோழித்தொடை, 200 டிகிரி, 45 நிமிஷம், உருளையும் கேரட்டும் முதலிலேயே கூடப் போகலாம். கோழிக்கு நடுச்சூடு 74க்குக் குறையக் கூடாது.

இதோடு சேர்த்து எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பன்றிக் கொழுப்பில் வாட்டிய உருளையை "இது வெறும் காய்தான்" என்று யாருக்கும் பரிமாறாதீர்கள். என் பக்கத்து வீட்டு அக்கா முஸ்லிம். முப்பது வருஷமாக ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுகிறோம். பன்றிக்கறிக்கு என்று தனித் தட்டு, தனிக் கத்தி, தனிப் பலகை, சிவப்புத் துணி கட்டித் தனி அலமாரியில் இருக்கும். அது என்ன என்று அவருக்குத் தெரியும், அதைத் தவிர மற்றதில் சமைத்ததைச் சாப்பிடுவார். அவர் அப்படி நம்பி உட்கார்ந்து சாப்பிடுவதற்காக அந்தச் சிவப்புத் துணியை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

மிஞ்சிய கறியையும் கொழுப்பையும் என்ன செய்வது?
*வாசகர், செவ்வாப்பேட்டை*

இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். குளிர்ந்த கறியை மெல்லிசாக வெட்டி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப் பல்லோடு இரும்புச்சட்டியில் நன்றாகச் சூடேற வறுத்தால் மறுநாள் ராகிக் களிக்கு அதைவிட நல்ல கூட்டு கிடையாது.

கொழுப்பை ஒருபோதும் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாயில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே மெல்லிய துணியில் வடிகட்டிக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் வெள்ளையாக உறைந்து நிற்கும். மேலே சீட்டு ஒட்டி என்ன என்று எழுதிவிடுங்கள். அடுத்த தடவை கறி கொஞ்சம் கொழுப்புக் குறைவாக அமைந்துவிட்டால், உருளை போடும் நேரத்தில் இரண்டு ஸ்பூன் அதிலிருந்து எடுத்துத் தட்டில் போடுவேன்.